ஐந்தாம் முனையத்தில் கையசைக்க ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் பேத்தி படிப்புக்காக மெல்பர்ன் போனாள். போனவள் ஒருத்தி, வழியனுப்பப் போனவர்கள் ஒன்பது பேர். நம் குடும்பங்களில் இது ஒன்றும் புதிதில்லை. பெட்டியை வீட்டிலேயே மூன்று தடவை நிறுத்துப் பார்த்தோம். எடை கூடுகிறது என்று பேத்தி மிளகாய்த்தூள் பொட்டலத்தை வெளியே எடுப்பாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பாட்டி அதை மறுபடி உள்ளே செருகுவாள். ஒரு மாலைப் பொழுது இப்படியே போயிற்று. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். என் மனைவி பேத்தியின் நெற்றியில் திருநீறு பூசினாள். பேத்தி குடிநுழைவுத் தானியக்க வாயில் பக்கம் போனாள், கேமராவை ஏறிட்டுப் பார்த்தாள், கதவு திறந்தது, போய்விட்டாள். பத்து நொடி இருக்குமா? என் மனைவி தூக்கிய கை பாதியிலேயே நின்றது. “அவ்வளவுதானா?” என்று என்னைக் கேட்டாள். இரண்டு நிமிடம் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது: “உள்ளே வந்துட்டேன் தாத்தா. டாட்டா.”

எந்த முனையம் என்று எழுதப்போவதில்லை. குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கடப்பிதழை நீட்டாமல் முகத்தையும் கருவிழியையும் காட்டிக் கடந்துபோகும் வசதி 2024ல் நமக்கு வந்தது. கைக்குழந்தையோடும் மூட்டை முடிச்சோடும் வரிசையில் கால்கடுக்க நின்ற காலத்தைப் பார்த்தவன் நான். வரிசை ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வரிசை நகர நகர, போகிறவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார், நாமும் பார்த்துக்கொண்டே நிற்போம். வரிசையோடு அந்தப் பத்து நிமிடமும் போய்விட்டது. அதைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். சாங்கி ஈஸ்டில் ஐந்தாம் முனையம் கட்டிக்கொண்டிருக்கிறார்களே, அங்கே அதற்கு ஈடாக ஒன்றைச் செய்யலாம் என்பதுதான் என் கோரிக்கை.

இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று யாராவது நினைக்கலாம். 43 வருடம் விமானத்தில் பெட்டி ஏற்றி இறக்கியவன். 1978ல் பழைய பாய லேபார் விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், 2021ல் சாங்கியில் ஓய்வு பெற்றேன். இடுப்பும் முழங்காலும் இன்றும் அதற்குச் சாட்சி.

நான் பிறந்தது 1955. பாய லேபார் விமான நிலையம் திறந்ததும் அந்த வருடம்தான். என் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி வந்தவர். பாய லேபாரில் புல் வெட்டும் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு விமானம் பார்க்கப் போவார். அங்கே திறந்த மாடம் ஒன்று இருந்தது. கம்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூட்டம் நிற்கும். கீழே பயணிகள் வெயிலில் நடந்தே போய் விமானப் படிக்கட்டில் ஏறுவார்கள். கடைசிப் படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள் பாருங்கள், அப்போது மாடத்திலிருந்து பெயர் சொல்லிக் கத்துவார்கள். சீனக் கிழவி ஒருத்தி கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. யாரைக் கூப்பிட்டாள், என்ன சொன்னாள், ஒன்றும் புரியவில்லை. அப்பாவும் அவளோடு சேர்ந்து கையசைத்தார்.

“யாருப்பா அது?” என்று கேட்டேன்.

“யாரோ. ஊருக்குப் போறாங்கல்ல” என்றார்.

பாய லேபாருக்குள்ளேயே இன்னோர் ஓடுபாதை போடுவதா, சாங்கிக்கு மாறுவதா என்ற வாதம் நடந்து, 1975ல் சாங்கிதான் என்று முடிவானது. கடலை நிரப்பி நிலம் எடுத்தார்கள். விமானங்கள் வீடுகளுக்கு மேல் பறக்காமல் கடல் பக்கமாக இறங்கலாம், பின்னால் விரிவாக்கவும் இடம் இருக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு சரியாக வந்தது என்பதை இன்றைக்குப் பார்க்கிறோம்.

1981 ஜூன் 30 இரவு நான் தூங்கவில்லை. எங்களில் யாருமே தூங்கவில்லை. டிராக்டர், பெட்டி ஏற்றும் டோலி வண்டி, படிக்கட்டு வண்டி என்று எல்லாவற்றையும் இரவோடு இரவாகப் பாய லேபாரிலிருந்து சாங்கிக்குக் கொண்டுபோனோம். ஜூலை 1 காலை 7.10க்குக் கோலாலம்பூரிலிருந்து எஸ்கியூ 101 இறங்கியது, 140 பயணிகளோடு. சாங்கியின் முதல் விமானம். புதுச் சிமெண்டு வாடை போகாத தரையில் நின்று நாங்கள் கை தட்டினோம். மேற்பார்வையாளர் ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு, “போதும், பெட்டியை இறக்குங்க” என்றார்.

புது நிலையத்தில் பயணிகள் மூடிய நடைபாலம் வழியாக நேராக விமானத்துக்குள் போனார்கள். மழை இல்லை, வெயில் இல்லை. படிக்கட்டில் திரும்பிப் பார்ப்பதும் அதோடு நின்றது. ஆனாலும் 1ஆம் முனையத்தில் மேலே ஒரு பார்வைக்கூடம் வைத்தார்கள். அங்கே எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். விமானத்தைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியதும் கண்ணாடியோரம் நின்று கையசைப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. சன்னல் அந்தப் பக்கம் இருக்கும், அல்லது இருக்கை நடுவில் இருக்கும், அல்லது அவர் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருப்பார். கீழே நிற்கும் எங்களுக்குத்தான் அந்தக் கைகள் தெரியும். என்னோடு வேலை பார்த்த மலாய் நண்பர் ஒருவர் ஒரு நாள் கையுறையைக் கழற்றிவிட்டுத் திருப்பிக் கையசைத்தார். மேலே ஒரு பிள்ளை துள்ளிக் குதித்தது. அதிலிருந்து எங்கள் கூட்டத்துக்கு அது பழக்கமாகிவிட்டது. விமானம் கிளம்பியதும் அடுத்த வேலைக்கு ஓடுவதற்கு முன் ஒரு நொடி நிமிர்ந்து மேலே பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போவோம். விதிமுறைப் புத்தகத்தில் இது இல்லை. யாரும் எங்களைத் திட்டவும் இல்லை.

திருச்சி விமானம் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என் கூட்டாளிகள் கோபித்துக்கொள்வார்கள். பெரிய விமானங்களில் பெட்டிகள் கண்டெய்னரில் வரும், இயந்திரம் தூக்கும். சின்ன விமானங்களில் பல நேரம் அப்படி இல்லை. வயிற்றுப் பகுதிக்குள் ஆளே ஏறி, நிமிர முடியாத இடத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு பெட்டியாக அடுக்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் எப்படிப் பெட்டி கட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தொலைக்காட்சி அட்டைப்பெட்டி, அதைச் சுற்றி நைலான் கயிறு, நான்கு பக்கமும் கெட்டி மையில் பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா. என் செட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். “இது எந்த ஊர்?” என்று கேட்பார்கள். “அறந்தாங்கிப் பக்கம். என் அம்மா ஊரு” என்பேன். எங்கோ ஒரு கோடாலித் தைலப் போத்தல் உடைந்து அந்த அறை முழுதும் மணக்கும். அந்த வாசம் அடித்தால் கண்ணை மூடிக்கொண்டே இது திருச்சி விமானம் என்று சொல்லிவிடலாம்.

என் அம்மா கடைசியாக ஊருக்குப் போனது 1994ல், 2ஆம் முனையத்திலிருந்து. அப்போது அவருக்கு முழங்கால் வீக்கம், சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். உதவிக்கு வந்த பையன் வேலையில் கெட்டிக்காரன், நாற்காலியை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு தனி வழியில் உள்ளே போய்விட்டான். “போயிட்டு வரேன்” என்று அம்மா சொல்ல வாயெடுத்தது மட்டும்தான் தெரியும். நான் கண்ணாடிப் பக்கம் ஓடினேன். உள்ளே போனவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்று அங்கே வேலை பார்க்கும் எனக்குத் தெரியாதா? அம்மாவும் என்னைப் பார்த்துவிட்டார். பையனை நிறுத்தச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, விரல்களைக் குவித்து எதையோ திருகுவது மாதிரி இரண்டு மூன்று தடவை காட்டினார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது: கேஸ் அடுப்பை அணைத்தாயா என்று கேட்கிறார். அணைத்துவிட்டேன் என்று தலையாட்டினேன். நம்பாத முகத்தோடு இன்னொரு தடவை திருகிக் காட்டினார். இன்னொரு தடவை தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் பையன் தள்ள ஆரம்பித்தான். அம்மா அந்தப் பயணத்திலிருந்து திரும்பி வரவில்லை, ஊரிலேயே முடிந்துவிட்டது. (உண்மையில் அன்றைக்கு அடுப்பை அணைத்தேனா என்று எனக்கே ஐயமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.)

அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சாங்கி வளர்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். 1990ல் இரண்டாம் முனையம், 2008ல் மூன்றாவது, 2017ல் நான்காவது. 2019ல் பயணிகள் 68.3 மில்லியன். பிறகு கொவிட் வந்தது. 2020 ஏப்ரல் மாதம் முழுவதற்குமாகச் சேர்த்து 25,200 பேர்தான் வந்து போனார்கள். முந்திய ஆண்டுக் கணக்கில் அது மூன்றேகால் மணி நேரக் கூட்டம். 2ஆம், 4ஆம் முனையங்களை மூடினார்கள். வரிசையாக நிறுத்திவைத்த விமானங்களுக்கு நடுவே நடந்துபோனால் காலடிச் சத்தம் கேட்கும். 40 வருடத்தில் நான் கேட்காத சத்தம் அது. 2025ல் ஏறக்குறைய 70 மில்லியன் பேர், அதுவரை இல்லாத எண்ணிக்கை.

ஐந்தாம் முனையத்துக்குப் பிரதமர் லாரன்ஸ் வோங் 2025 மே 14ல் அடிக்கல் நாட்டினார். 2030களின் நடுப்பகுதியில் திறக்கும். ஆண்டுக்கு 50 மில்லியன் பயணிகளைக் கையாளும். இப்போதுள்ள நான்கும் சேர்ந்து 90 மில்லியனைத் தாங்கும் என்றால், மொத்தம் 140 மில்லியன். ராணுவம் பயன்படுத்திவந்த ஓடுபாதையை 4 கிலோமீட்டருக்கு நீட்டி மூன்றாம் ஓடுபாதையாக்கியிருக்கிறார்கள். இன்னொரு பெருந்தொற்று வந்தால் முனையத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து இயக்கவும் ஏற்பாடு உண்டு. 2020ஐ நேரில் பார்த்தவன் என்ற முறையில் இதைக் கேட்டு எனக்கு நிம்மதி.

இந்த எண்கள் எல்லாம் பயணிகளைப் பற்றியவை. ஒரு பயணிக்கு ஒன்பது பேர் என்று கணக்குப் போட வேண்டாம், ஒருவர் என்றே வையுங்கள். வழியனுப்ப வருகிறவர், வரவேற்க வருகிறவர் எத்தனை பேர் என்று எந்தச் செய்தியிலும் நான் படித்ததில்லை.

ஜுவல் கடைத்தொகுதி இருக்கிறதே என்று என் மருமகன் சொன்னார். இருக்கிறது. 1ஆம் முனையத்தின் பழைய திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில்தான் அது எழுந்தது. 40 மீட்டர் உயரத்திலிருந்து உள்ளுக்குள்ளேயே விழும் அருவியைப் பார்க்க, பயணம் போகாதவர்களும் குடும்பத்தோடு வருகிறார்கள். எனக்கும் பிடிக்கும். 4ஆம் முனையத்திலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வரை சைக்கிள் பாதை போட்டு, வழியில் டைனோசர்களை நிறுத்திவைத்ததும் என் பேரனுக்குத் திருவிழா. பரீட்சை நேரத்தில் நம் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சாங்கிக்குப் போய் உட்காருவது உலகத்தில் வேறு எந்த விமான நிலையத்தில் நடக்குமோ தெரியவில்லை. ஆகவே சாங்கி பயணிகளுக்கு மட்டும் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. ஆனால் அருவி பார்ப்பது வேறு, அம்மா உள்ளே போய்ச் சேர்ந்தாரா என்று பார்ப்பது வேறு. கடையில் நின்றுகொண்டு இரண்டாவதைச் செய்ய முடியாது.

3ஆம் முனையத்தில் அந்தக் கண்ணாடிச் சுவர் உண்டு. பயணி உள்ளே போன பிறகும் இந்தப் பக்கம் நிற்பவர் பார்க்கலாம். 4ஆம் முனையத்தில் மேல்தளத்தில் நின்று கண்ணாடி வழியாக உட்பகுதியைப் பார்க்கலாம். இறங்கி வருகிறவர் பெட்டிக்காகக் காத்து நிற்பதை வெளியிலிருந்தே பார்க்கும் கண்ணாடியும் நம்மிடம் உண்டு, மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு “அதோ அப்பா!” என்று கத்தாத பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறதா? இதைச் செய்யத் தெரிந்தவர்களிடம்தான் கேட்கிறேன். புது முனையம் பெரிது. பெரிய இடத்தில் கண்ணாடிக்கும் வாயிலுக்கும் தூரம் கூடும், நடுவில் கடைகள் வரும், பயணி எந்தப் பக்கம் திரும்பினார் என்றே தெரியாது. வரைபடத்தில் இருக்கும்போதே யோசித்தால்தான் உண்டு. கட்டி முடித்த பிறகு கண்ணாடி வைக்க முடியாது.

பெட்டி ஏற்றியவனின் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். குடிநுழைவு வாயிலைக் கடந்ததும் பயணி ஒரு நிமிடம் நிற்க ஒரு முற்றம், அதற்கு நேர் எதிரே இந்தப் பக்கம் எங்களுக்கு ஓர் இடம், இரண்டுக்கும் நடுவே கண்ணாடி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். இடுப்புயரத்துக்கு விளம்பரத்தை ஒட்டிவைத்தால் பயனில்லை. முதுகு சாய்க்கும் பெஞ்சு நான்கு போதும். சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களுக்கு அந்த முற்றத்தில் ஒரு நிமிடம் நிற்க அனுமதி கொடுங்கள். அதை நேரக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாவம், அந்தப் பையனுக்குத்தான் திட்டு விழும். அப்புறம் விமானங்கள் தெரியும்படி ஒரு பார்வைக்கூடம், டிக்கெட் இல்லாமல்.

கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாமே, இதெல்லாம் எதற்கு என்று இளையவர்கள் கேட்பார்கள். என் பேத்தியே கேட்டாள். மெல்பர்ன் போய்ச் சேர்ந்த பிறகு தினமும் அப்படித்தான் பேசுகிறோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதுகாப்பு என்று அதிகாரிகள் சொல்லலாம். அதையும் நான் மறுக்கமாட்டேன். எத்தனை பூட்டு, எத்தனை சோதனை என்று உள்ளே இருந்து பார்த்தவன். கண்ணாடி வழியாக ஒரு சாமானும் போகாது. இடத்தின் வாடகை என்று சொன்னால் மட்டும் எனக்குப் பதில் இல்லை. சாக்லெட் கடை தரும் வாடகையை ஒரு பெஞ்சு தராது.

இரவு விமானங்களைப் பற்றியும் ஒரு வரி. ஊருக்குப் போகும் விமானங்கள் பல, நேரம் கெட்ட நேரத்தில்தான் கிளம்புகின்றன. வழியனுப்பிவிட்டுக் கீழே வந்தால் கடைசி ரயில் போயிருக்கும். பிறகு டாக்சிதான், நள்ளிரவுக் கட்டணம் பாதிக்குப் பாதி கூடும். தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையும் குறுக்குத் தீவு ரயில் பாதையும் ஐந்தாம் முனையத்துக்கு வரப்போகின்றன. அந்தச் சமயத்தில் கடைசி ரயிலின் நேரத்தைப் பயணிகளின் கண்ணோடு மட்டும் பார்க்காமல், அவர்களை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்களின் கண்ணோடும் பார்க்கட்டும்.

ஐந்தாம் முனையம் திறக்கும்போது எனக்கு 80 வயது ஆகியிருக்கும். பேத்தி படிப்பை முடித்துத் திரும்பி, வேலை, கல்யாணம் என்று மறுபடி எங்காவது கிளம்பிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகப்படுகிறவன் நானாகவும் இருக்கலாம். உள்ளே போனதும் பையனை நிறுத்தச் சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்தாயா என்று கேட்க ஒரு கண்ணாடி இருக்க வேண்டும். என் மகனுக்கு இந்த விஷயத்தில் ஞாபகம் போதாது.

இதைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றால் வந்து சொல்லத் தயாராக இருக்கிறேன். காலை ஒன்பதுக்கு மேல் வைத்தால் நல்லது. அதுவரை பேரனைப் பாலர் பள்ளியில் விடும் வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெட்டி ஏற்றும் தொழிலாளி,
தெம்பனிஸ்